மூன்றாவது கோடு

குசுமாகி சென்ஜி வாள் வியாபாரி என்று சொன்னால் கானசாவாவில் அவரைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். மனுஷனுக்கு இரத்தம் என்றால் ஆகாது. மீன் வாங்கி வந்தால் அதை மனைவி இனேயிடம் நீட்டிவிட்டு வாசலுக்கு ஓடிவிடுவார். அவள் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, பலகையைக் கழுவி, "முடிஞ்சுது, வாங்க" என்று குரல் கொடுக்கும்வரை தெருவில் நின்று குருவி பார்த்துக்கொண்டிருப்பார். "எங்க வீட்டு மாவீரர் வெளியில காவல் நிக்கிறார்" என்று இனே அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொல்வாள். அவருக்கு அதில் கொஞ்சம்கூட ரோஷம் வந்ததில்லை.

போருக்கு முன்னால் அவர் சைக்கிள் பழுது பார்ப்பவர். போர் முடிந்து, வீட்டில் இருந்த வாளையெல்லாம் ஒப்படைக்கச் சொன்ன காலத்தில், ஒரு விவசாயி டயர் மாற்றியதற்குக் கூலியாகச் சாக்கில் சுற்றிய வாள் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனான். அதன் பிடியைக் கழற்றிப் பார்த்தாராம், அவ்வளவுதான். அன்றோடு மனுஷன் கெட்டார் என்பது இனேயின் கட்சி.

நாங்கள் எல்லோரும் வாளின் அலகைப் பார்ப்போம். அவர் காம்பைத்தான் பார்ப்பார். காம்பு என்பது பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதி. அலகைத் தீட்டலாம், மெருகேற்றலாம். காம்பின் துருவை மட்டும் தொடவே கூடாது. வாளின் வயசைச் சொல்வது அந்தத் துருதான். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே "முந்நூறு வருஷம்" என்பார். சரியாக இருக்கும். எரிச்சலாகவும் இருக்கும்.

நான் முராய் ஒரியே. கணவர் போன பிறகு எங்கள் வாள் கடையை நானே நடத்துகிறேன். எனக்கு நாக்கு நீளம், கோபம் அதைவிட நீளம். ஊர் அப்படித்தான் சொல்கிறது, நானும் மறுத்ததில்லை. அந்தக் கோபத்தால் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

1974 பிப்ரவரி. எங்கள் வியாபாரிகள் சங்கத்தின் மாத ஏலம் ஆற்றங்கரைச் சாப்பாட்டு விடுதி ஒன்றின் மாடியில் காலை பத்து மணிக்கு ஆரம்பித்தது. வெளியே ஈரப் பனி சொதசொதவென்று விழுந்துகொண்டிருந்தது. ஏலத்துக்கு முன்னால் சரக்கைப் பார்க்க ஒரு மணி நேரம் கொடுப்பார்கள். பதினேழாம் நம்பர் வாளை எடுத்துக் காம்பைப் பார்த்ததும் எனக்கு வாயில் எச்சில் ஊறியது.

காம்பில் தங்கம் இழைத்த எழுத்து இருந்தது. அந்தக் காலத்தில் தலை வெட்டப்பட்ட குற்றவாளிகளின் பிணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் புது வாளால் வெட்டிப் பார்ப்பார்கள். ஒரே வீச்சில் எத்தனை உடல் அறுந்தது, வெட்டியவர் யார் என்று காம்பில் தங்கத்தால் பதிப்பார்கள். இதில் "மூன்று உடல்" என்று இருந்தது. கீழே கிஹெய் என்று ஒருவர் பெயர். எங்கள் எழுத்தில் ஒன்று என்றால் ஒரு படுக்கைக் கோடு, இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று. கடைசிக் கோட்டைச் சுற்றித் துரு எப்படி இருந்தது தெரியுமா? ஒரு பொடி உடையாமல் தங்கத்தின் ஓரம்வரை ஓடி நின்றது. இதைப் பொய் என்று எவன் சொல்வான்? ஒசாகாவில் ஒரு பல் டாக்டர் இப்படி ஒரு வாளுக்காக மூன்று வருஷமாக என்னை நச்சரித்துக்கொண்டிருந்தார். முதலில் என் பெயரில் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு அவரிடம் நிதானமாக விலை பேசலாம் என்று கணக்குப் போட்டேன்.

எனக்கு அடுத்தபடியாக குசுமாகி வாளைக் கையில் எடுத்தார். வணங்கினார். காம்பைப் பார்த்தார். மூஞ்சியில் ஈயாடவில்லை. வாளைக் கீழே வைக்கக்கூட அவருக்குக் கை வரவில்லை. பக்கத்தில் இருந்தவர் வாங்கி வைத்தார். பிறகு என்னைச் செருப்பு அடுக்கும் மாடத்துப் பக்கம் கூப்பிட்டார்.

"ஒரியே சான், பதினேழாம் நம்பருக்கு நீங்க விலைக் கிண்ணம் போடாதீங்க."

"ஏன், நீங்க போடப் போறீங்களா?"

"ஆமா. நான் மட்டும்தான் போடணும்."

"அடேங்கப்பா! தட்டுல வச்சு நீட்டட்டுமா?"

அவர் சிரிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். 1956இல் செய்தவர் பெயரில்லாத ஒரு வாளை வாங்கினாராம். நல்ல வாள், ஆனால் சீண்டுவாரில்லை. அப்போது இனே நெஞ்சு நோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதை எப்படியாவது தள்ளிவிட வேண்டும் என்று, தகாஒகாவில் இருந்த ஒரு நகைவேலைக்காரரிடம் கொடுத்துத் தங்க எழுத்துப் பதித்துவிட்டார்.

"மூணுன்னு போட மனசு வரல. ஒரு உடல்னு போட்டேன். ஒரே ஒரு கோடு. துருவைத் தேயிலைத் தண்ணியில கொதிக்க வச்சு நானே பூசினேன்."

"ஒன்னா? நான் மூணு கோடு பார்த்தேனே."

"அதைத்தான் சொல்றேன். வெட்டினவர்னு ஒரு பேர் வேணும்ல? கோயில் பின்னாடி பழைய கல்லு ஒன்னுல கிஹெய்னு இருந்துச்சு. நல்ல பேரா இருக்கேன்னு எடுத்துக்கிட்டேன். அப்புறம்தான் அங்க இருந்த பிட்சு சொன்னார், அது வெட்டினவன் கல்லு இல்ல. வெட்டுப்பட்டவன் கல்லு. அவன் பிணத்தை அடுக்கித்தான் எத்தனையோ வாளைச் சோதிச்சிருக்காங்க. நான் அவன் கையில கத்தியைக் கொடுத்துட்டேன், ஒரியே சான்."

எனக்கு முதுகு சில்லென்றது என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். அப்போது அப்படி ஒன்றும் இல்லை. எங்கள் தொழிலில் ஏலத்துக்கு அரை மணி நேரம் முன்னால் எவனும் உண்மை பேச மாட்டான். அலகில் விரிசல் என்பான், நெருப்புப் பட்டது என்பான், பிறகு தானே அடிமாட்டு விலைக்குத் தூக்கிக்கொண்டு போவான்.

குசுமாகி விடவில்லை. அதை வாங்கியவர் த்சுருகி ஊர்ச் சாராய ஆலை முதலாளி. வாங்கிய ஒன்பதாம் மாதமே குளியல் தொட்டியில் செத்துக் கிடந்தார். மாரடைப்பு என்றார்கள். பிறகு வாள் பதினாறு வருஷம் அவர்கள் கிடங்கில், செத்தவர் பெயரிலேயே கிடந்தது; அத்தனை வருஷமும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போன கோடையில் மகன் அதை கொமாத்சு டாக்டர் ஒருவருக்கு விற்றான். டாக்டர் வாளைப் பார்த்துச் சொல்லும்படி குசுமாகியையே கூப்பிட்டிருக்கிறார்.

"ரெண்டு கோடு இருந்துச்சு. நான் போட்டது ஒன்னு. பார்த்தேன். வாயை மூடிக்கிட்டு, அருமையான வாள்னு சொல்லி, டீயைக் குடிச்சிட்டு வந்துட்டேன். சொன்னா நான்தான் பொய் எழுத்துக்காரன்னு வெளிய வந்துடுமே. டிசம்பர்ல டாக்டர் தோட்டத்துப் பனியில விழுந்து செத்துட்டார். துக்கம் கேக்கப் போனேன். அவர் சம்சாரம் சொன்னாங்க, உடம்பைக் கழுவறப்ப இடுப்பைச் சுத்தி நூல் கட்டின மாதிரி செவப்பா ஒரு கோடு இருந்துச்சாம். த்சுருகி முதலாளி வீட்டு அம்மாவையும் போய்க் கேட்டேன். அவங்களும் அதையேதான் சொன்னாங்க."

"இப்ப மூணா?"

"இப்ப மூணு. டாக்டர் வீட்டுல ஏலத்துக்கு விட்டுட்டாங்க, இனிமே வாங்குறவங்க மூணாவது."

"நல்லாக் கதை விடுறீங்க குசுமாகி சான். காதுல பூச்சுத்த வேற ஆள் பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். அவ்வளவு நல்ல மனுஷன் என்னையே ஏமாற்றப் பார்க்கிறாரே என்று கோபம் மண்டைக்கு ஏறியது. பத்து லட்சம் யென் போடலாம் என்று நினைத்திருந்தவள், வீம்புக்காகப் பன்னிரண்டு போட்டேன்.

எங்கள் ஏலத்தில் கூச்சல் கிடையாது. ஆளுக்கொரு அரக்குக் கிண்ணம். உள்ளே தூரிகையால் பெயரையும் விலையையும் எழுதி, கவிழ்த்து, பாயின்மேல் நடுவில் இருப்பவரை நோக்கித் தள்ளிவிட வேண்டும். கிண்ணங்கள் பாயில் சரசரவென்று வழுக்கிக்கொண்டு போயின. நடுவில் இருந்தவர் சங்கத் தலைவர் இமாயெதா. ஒவ்வொன்றாய்த் திருப்பிப் பார்த்து, உயர்ந்ததை மட்டும் படித்தார்.

"முராய். பன்னிரண்டு லட்சம்."

குசுமாகி பதினொன்று எழுதியிருந்தார் என்று பிறகு தெரிந்தது. அவரிடம் இருந்ததே அவ்வளவுதான்.

அவர் எழுந்து நின்றார். இருபத்தைந்து வருஷத்தில் அந்த அறையில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

"நிறுத்துங்க. அந்த எழுத்து பொய். நான் போட்டது."

"உட்காரு குசுமாகி," என்றார் தலைவர். "கை நழுவிப் போச்சுன்னா இப்படியா பேசுறது?"

"முதல் கோடும் அந்தப் பேரும் நான் போட்டது, தலைவரே."

"மத்த ரெண்டு கோடு?"

"அது எனக்குத் தெரியாது."

"அதுவா முளைச்சுதாக்கும்!" என்று பின்வரிசையில் ஒருவன் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஆமா," என்றார் குசுமாகி.

தலைவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். மூங்கில் சீவலால் முதல் கோட்டின் ஓரத்துத் துருவை லேசாக நெருடினார். அது காய்ந்த பசை போலப் பொருக்குத் தட்டி உதிர்ந்தது. பொய்த்துரு. அடுத்த இரண்டு கோடுகளின் ஓரத்தையும் நெருடினார். ஒன்றும் உதிரவில்லை. முந்நூறு வருஷத் துரு, இரும்போடு இரும்பாக இறுகியிருந்தது. பொய்க்கோடு பழையது, மெய்க்கோடு புதியது என்றால் அது என்ன கணக்கு? தலைவர் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுத் தன் கையைத் துணி துவைப்பவர் மாதிரி முழங்காலில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

சங்கத்தின் விதி தெளிவானது. பொய் எழுத்துப் போட்டவன் சரக்கைத் தானே எடுத்துக்கொள்ள வேண்டும், அவன் உறுப்பினர் பெயர்ப்பலகை சுவரிலிருந்து இறங்கிவிடும். கழற்றிய பலகையை அவர் கையிலேயே கொடுத்தார்கள். அவர் மண்டியிட்டு எல்லோரையும் வணங்கினார். எனக்கு மட்டும் நெற்றி பாயில் படும்படி வணங்கினார். எனக்குச் சரக்கு போன ஆத்திரம்.

"வயசான காலத்துல திருட்டுப் பட்டம் வாங்கிட்டீங்களே, திருப்தியா?" என்றேன்.

"திருப்திதான் ஒரியே சான். நீங்க நல்லா இருக்கணும்," என்றார்.

அந்த வாக்கியம் என்னை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. இதற்கிடையில் வாளின் பதிவுச்சீட்டும், உரிமையாளர் மாற்ற மனுவும் சங்கத்திலேயே தங்கிவிட்டிருந்தன. வாள் கைமாறினால் இருபது நாளுக்குள் புது உரிமையாளர் பெயரை எழுதி மாகாணக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். குசுமாகி வீட்டு வாசலை மிதிக்க ஒருவருக்கும் மனசில்லை. "நான் போறேன், கொடுங்கய்யா, கோழைகளா" என்று பிடுங்கிக்கொண்டு போனேன்.

இனே கதவைத் திறந்தாள். "வாங்க வாங்க. எங்க மாவீரர் உள்ள கத்தியோட குடித்தனம் நடத்துறார். அதுக்கு என்னைவிட மரியாதை அதிகம்."

அவர் உள்ளறையில் வாளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். டீ தொடாமலேயே ஆறிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"பார்த்துட்டே இருக்கேன், ஒரியே சான். இத்தோட முடிஞ்சுடும். மூணு வரைக்கும்தான் கோடு. நாலுக்கு வேற எழுத்து. கோடு கோடா சேர்த்துக்கிட்டு வந்த அது, நாலுக்குப் போக முடியாது. என்னோட நின்னுடும்."

யோசித்துத்தான் வைத்திருக்கிறார், பாவி மனுஷன். காம்பை நீட்டினார். தொட்டேன். பனிக்காலத்து இரும்பு, விரல் ஒட்டிக்கொள்கிற சில்லிப்பு. மூன்றாவது கோடு மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. இப்போதுதான் யாரோ அதில் விரல் வைத்துவிட்டு எடுத்த மாதிரி. கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

சமையலறையில் இனே முள்ளங்கி ஊறுகாயைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏழு நாளா குளிக்கல, தெரியுமா? ஒருத்தர் தொட்டியில செத்தாராம். பனியிலயும் இறங்க மாட்டார், இன்னொருத்தர் அதுல செத்தாராம். மீனை மட்டும் நானே வாங்கி நானே அறுக்கணும். செத்துப் போகத் தயார்ங்கறார், சளி பிடிக்கத்தான் பயம்!"

நான் சிரித்தேன். அவள் சிரித்துக்கொண்டே, முடிச்சைப் போட்டபடி கேட்டாள்.

"அந்த ரெண்டு பேர் வீட்டுலயும் பொண்டாட்டிங்களுக்கு ஒன்னும் ஆகலையே?"

"ஆகல. வாங்கினவங்களுக்கு மட்டும்தான்."

"ம்." ஊறுகாயை என் கையில் வைத்தாள். "அந்த மனுவை என்கிட்ட கொடுங்க. அவருக்குக் கை நடுங்குது. நான் எழுதி அனுப்பிடுறேன்."

கொடுத்தேன். அவள் அதை நான்காய் மடித்து ஏப்ரன் பையில் செருகிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் ஒரு நுரையீரலை விட்டுவிட்டு வந்தவள், ஐந்தடிகூட இல்லாத மனுஷி. வாசல்வரை வந்து என் குடையை விரித்துக் கொடுத்தாள்.

மார்ச் ஒன்பதாம் தேதி, காலை பதினோரு மணி. இனே அயிலை மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். குசுமாகி வழக்கம்போல் தெருவில் நின்றார். கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. "முடிஞ்சுது, வாங்க" என்ற குரல் வரவில்லை. குழாய்த் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்ததாம். உள்ளே இரத்தம் இருக்குமே என்று பயந்து இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறார். அதை என்னிடம் சொன்னபோது தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டார்.

வந்து பார்த்த டாக்டர் நெஞ்சு பலவீனம் என்றார். பழைய நோயாளிதானே, யாருக்கும் சந்தேகம் இல்லை. நானும் பக்கத்து வீட்டு அம்மாளும் உடம்பைத் துடைத்தோம். கச்சையை அவிழ்த்ததும் பார்த்தேன். இடுப்பைச் சுற்றி, முன்னும் பின்னும் ஒரு இடத்திலும் விட்டுப்போகாமல், மெல்லிய சிவப்புக் கோடு. பக்கத்து வீட்டு அம்மாள், "பாவாடை நாடா இறுக்கியிருக்கு" என்றாள். நாடா தளர்வாகத்தான் இருந்தது. ஓவென்று அழ வேண்டும்போல் இருந்தது. அழுதுவிட்டேன்.

குசுமாகியிடம் மறைக்க முடியவில்லை. அவரே கேட்டார், என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"எப்படி? நான்தானே எடுத்துக்கிட்டேன்? என்னைத்தானே வெட்டணும்? இவ என்ன பண்ணா?" என்று வாளைப் பார்த்துக் கத்தினார். அத்தனை சாதுவான மனுஷன், அதைக் காலால் உதைத்தார். காம்பில் மூன்று கோடுகளும் அப்படியேதான் இருந்தன. தொட்டுப் பார்த்தேன். மூன்றுமே சில்லென்றிருந்தன.

ஏழாம் நாள் சடங்கு முடிந்ததும், வாளைத் துண்டு துண்டாக வெட்டி உருக்கிவிட வேண்டும் என்றார். அதற்கு முதலில் பதிவை ரத்து செய்ய வேண்டும். நானும் கூடப் போனேன். கல்வி அலுவலக ஜன்னல் வழியாக நல்ல வெயில் அடித்தது. சட்டைக் கைக்குக் கறுப்பு உறை மாட்டிய குமாஸ்தா ஒருவர் சீட்டை வாங்கி, தடிமனான பதிவேட்டைப் புரட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"இது உங்க பேர்ல இல்லீங்களே ஐயா."

"குசுமாகின்னு பாருங்க. குசுமாகி சென்ஜி."

"குசுமாகிதான். ஆனா குசுமாகி இனேன்னு இருக்கு. பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதி மனு வந்திருக்கு. ரத்து பண்ணணும்னா உரிமையாளர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். அவங்க வரலீங்களா?"

மனுவைக் காட்டச் சொன்னேன். குமாஸ்தா மனுவை எடுத்து எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். இனேயின் கையெழுத்து, சின்னச் சின்னதாக, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல். முந்தைய உரிமையாளர் என்ற இடத்தில் செத்துப்போன கொமாத்சு டாக்டர் பெயர். புது உரிமையாளர் என்ற இடத்தில் அவள் பெயர். எப்படிக் கிடைத்தது என்ற கட்டத்தில், "என் கணவரிடமிருந்து நான் வாங்கிக்கொண்டேன்" என்று எழுதியிருந்தாள்.

குசுமாகி அந்த வரியை விரலால் தடவினார். கண்ணை மூடிக்கொண்டு, துருவைத் தடவுவதுபோலத் தடவினார். பிறகு குமாஸ்தாவைப் பார்த்துக் கெஞ்ச ஆரம்பித்தார்.

"தம்பி, இதுல என் பேரை எழுதிக்கிறேன். அதே தேதி போட்டு எழுதிக்கிறேன். இருபத்தெட்டாம் தேதியே போட்டுக்குங்க."

"ஐயா, நடக்காததை நடந்ததா எழுத முடியாதுங்க."

"நான் எழுதுவேன் தம்பி. எனக்கு அது வரும். ஒரு தடவை எழுதியிருக்கேன். இன்னொரு தடவை எழுத விடுங்க. பேனாவைக் கொடுங்க."

குமாஸ்தா பேனாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். குசுமாகி, நீட்டிய கையை மடக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.